வெள்ளிக்கிழமை லாரிகள்

பெபிஷாவுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி ஆகிவிட்டால் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுவாள்.

கடியப்பட்டணத்தில் அவள் மாமனார் வீட்டுப் பின்னறையில் அரிசிச் சாக்குக்கும் மடக்கிச் சாத்திய கட்டிலுக்கும் நடுவே ஒரு மேசை கிடந்தது. மேசைமேல் அவள் புருஷன் ஷிபு கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். அதில்தான் அந்த லாரி விளையாட்டு. எந்த நாடென்று தெரியாத சாலைகள், பனி விழுகிற மலை, கடல்மேல் போகிற பாலம், நீள நீளமான சுரங்கம். முன்னால் போகிற சிவப்பு லாரி ஷிபுவினுடையது. அவன் குவைத்தில், கூட இருக்கிற நேபாளிகள் நடுவில், தன் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஓட்டுவான். பின்னால் போகிற நீல லாரி பெபிஷாவினுடையது. இரண்டு பேர் காதிலும் ஹெட்செட்.

ஷிபு ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்த நாற்பத்திரண்டாம் நாள் விமானம் ஏறினவன், பதினாறு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு ஓய்வு. அதுவும் முழு நாள் இல்லை. அங்கே பன்னிரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரைக்கும். நாலுக்கு மேல் எந்த வீட்டில் ஏசி நின்றாலும் ஓட வேண்டும். நம்முடைய கணக்குக்கு அது மூன்று மணி முதல் ஆறரை வரை.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தினம் ராத்திரி வீடியோ கால் வரும். வந்த உடனே மாமியார் வேளாங்கண்ணி வாங்கி, "மக்கா, தின்னியா? மெலிஞ்சு போயிட்டியே" என்பாள். மாமனார் மரியஜான் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று, "ஷிபுவா? கேட்டதாச் சொல்லு" என்பாள். கடைசியாகப் போன் பெபிஷா கைக்கு வரும்போது கேஸ் வந்துவிட்டது, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கியாகிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. முகத்தை முகம் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல?

லாரியில் அப்படி இல்லை. கண் சாலையில் இருக்கும், கை வேலையாக இருக்கும், பேச்சு தானாக வரும்.

"ஏட்டி, எடது பக்கம் ஒதுங்கு. லோடு கவுந்துரும்."

"எனக்குத் தெரியும். நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க."

"பின்னால வாறவளக் கண்ணாடில பாக்காண்டாமா?"

"என்னய எங்க பாக்கியோ? லாரியத்தான பாக்கியோ."

"அதுவும் கொள்ளாம். ஒன்ன மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு வருகு."

இப்படி வம்பளந்துகொண்டே போகிற ஒரு வெள்ளிக்கிழமையில்தான் அந்தக் காரியத்தையும் அவள் சொன்னாள். அவன் போன மூன்றாம் மாதம், வயிற்றில் தங்கினது தங்காமல் போயிற்று. அன்றைக்குப் போனில் எல்லாருமாகப் பேசித் தேற்றிவிட்டார்கள். அவளும் "சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை, "ஒண்ணும் சரியாப் போகல்ல" என்றாள். மலைக்குள்ளே ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம், முன்னால் அவனுடைய சிவப்பு விளக்கு இரண்டும் மட்டும் தெரிகிறது. அப்போது அவளுக்கு அழுகை வந்தது. அவன் லாரியை வேகம் குறைத்து, அவளுக்கு முன்னால் பையப் பைய ஊர்ந்து போனான். சுரங்கம் முடிகிற வரை அந்த இரண்டு விளக்கும் அவளை விட்டுத் தள்ளிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்ட மாதிரி அவளுக்குத் தோன்றினது அன்றைக்குத்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டைத் திறந்தபோது திரையில் சிவப்பாக ஒரு அறிவிப்பு நின்றது. அடுத்த வாரத்திலிருந்து புதுப் பதிப்பு. பழைய பதிப்பில் சேர்ந்து ஓட்ட முடியாது. இந்தக் கம்ப்யூட்டரில் புதியது ஓடாது.

"விடு. டிசம்பர்ல நான் வாறம்போ புதுசா ஒண்ணு வாங்கலாம்," என்றான் ஷிபு. அப்புறம் மெதுவாக, "அதுவர போன்ல பேசலாம், என்ன?" என்றான்.

அவள் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இருபத்தாறு வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலையிலேயே துணி தைக்கிற மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, போனில் ஒரு மலையாளத்துக்காரன் போட்டிருந்த வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, எது கிழடு எது கிழடில்லை என்று அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். அவளும் தன்னுடைய பெட்டியைத் திறந்து பார்த்தாள். பக்கத்துத் தகட்டில் திருகாணியை உப்புக்காற்று தின்றுவிட்டதால், ஷிபு எந்தக் காலத்திலோ வலைக்கயிற்றால் கட்டி வைத்திருந்தான். கயிற்றை அவிழ்த்துப் பார்த்து, தாளில் எழுதினாள். சுடிதார் தைத்துச் சேர்த்த பதினோராயிரம் கையில் இருந்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு அது நாலில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது?

புதன்கிழமை பெட்டியை மீன் அடைக்கிற தெர்மோக்கோல் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் பழைய சேலையைத் திணித்து, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள்.

"மீனெல்லாம் பின்னால வை தாயி," என்றார் கண்டக்டர்.

"மீனில்ல. கம்ப்யூட்டரு."

கண்டக்டர் குனிந்து மோந்து பார்த்தார். "கம்ப்யூட்டரு நல்ல சாளை மணம் மணக்குகே" என்றார். பஸ்ஸே சிரித்தது. பெபிஷாவும் சிரித்துவிட்டுப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

வடசேரிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே சுயம்புராஜ் கடை வைத்திருந்தார். பழைய சாமான் எடுத்து, சரி பண்ணி விற்கிற கடை. நெற்றியில் வெள்ளை நாமம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் எழுதிக் கொண்டுவந்த தாளை வாங்கி மேலும் கீழும் படித்தார்.

"யாரு எழுதித் தந்தது?"

"நாந்தான் அண்ணே."

"கொள்ளாமே. மதர்போர்டும் புராசஸரும் மாத்தாண்டாம்னு எழுதியிருக்க. பத்து வருசத்துக்கு மேல ஆச்சே, அது எப்படி?"

"லாரி ஓட்டத்தான அண்ணே. சண்டையா போடப் போறேன்? வீடியோல பாத்தேன். படம் காட்டுகதுதான் அதுக்குப் பத்தல்ல. மத்தது ஓடும்."

சுயம்புராஜ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் எது புதுசு என்றுதான் கேட்பார்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வந்த ஆள் இவள்தான்.

"சரி. புராசஸர் கெடக்கட்டும், அவன் இன்னும் கெழவன் ஆகல்ல. மானிட்டரு, கீபோர்டு, பெட்டி எல்லாம் ஒன்னோடதே. பழைய ஹார்ட் டிஸ்க்கும் கெடக்கட்டும், போட்டோ வைக்க ஆகும். வேகத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. ரேமு நாலுக்குப் பதினாறு. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கு, ஒரு ஸ்டூடியோக்காரன் குடுத்தது, நானே ஒரு மாசம் ஓட்டிப் பாத்தேன். ஆனா ஒண்ணு. கரண்டு குடுக்குற இந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் நம்பாத. அதுல மிச்சம் பிடிச்சா எல்லாத்தையும் கொண்டு போயிரும். அது புதுசுதான் போடணும்."

"பதினொண்ணுக்குள்ள நிக்குமா?"

"பஸ்ஸுக்கு மிச்சம் இருக்கும்."

மறுநாள் போனபோது எல்லாம் மாட்டி முடித்து, விளையாட்டின் புதுப் பதிப்பையும் கடை இன்டர்நெட்டிலேயே இறக்கி வைத்திருந்தார். போட்டுக் காட்டினார். நீல லாரி மழையில் பளபளவென்று நின்றது. கண்ணாடியில் தண்ணீர் வழிவதுகூடத் தெரிந்தது. அவள் கை தன்னால் நீண்டு திரையைத் தொட்டது.

கொண்டுபோகும்போது மட்டும் அந்தக் கனமான கார்டைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றித் தந்தார். "பஸ்ஸு குலுக்குல அது ஆடி ஸ்லாட்டு பொளந்துரும். வீட்டுல போய் நீயே மாட்டு. ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு நேரா அழுத்து, டக்குன்னு ஒரு சத்தம் வரும். அம்புட்டுதான்."

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு மூணு மணிக்கு லாரியில கேறுங்க" என்று மட்டும் ஷிபுவுக்குச் செய்தி போட்டுவிட்டு, கார்டை மேசைமேல் வைத்தாள். பெட்டியைத் திறந்தபடி பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை மாமியாருக்குப் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

இங்கே மரியஜானைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். முழங்கால் போனபிறகு கரையிலிருந்து வள்ளங்களின் எஞ்சின் சரிபார்க்கிறார். அந்தக் கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. வாங்கின இரும்புக் கேட்டு ஆறு மாதத்தில் பொரிந்து போகும். அதனால் புதிதாக எந்த இரும்பு வீட்டுக்குள் வந்தாலும் முதலில் கிரீஸ் தடவுவதுதான் அங்கே ஆண்பிள்ளைகள் வழக்கம். மரியஜான் அதில் எல்லாருக்கும் ஒரு படி மேலே. கேட்டு, ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், மருமகள் கொண்டுவந்த பீரோவின் பூட்டு, எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரல் பட்டிருக்கும். வேளாங்கண்ணி ஒரு தடவை, "என் கம்மலுக்கும் கொறச்சு வச்சு விடுங்க" என்று கேட்டே விட்டாள்.

இரண்டு மணிக்குப் பெபிஷா பின்னறையின் அரை இருட்டில் அவசரமாகக் கார்டை எடுத்து மாட்டினாள். டக்கென்ற சத்தம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்தாள். மறுபடி போட்டாள். கறுப்பு.

சுயம்புராஜுக்குப் போன் போட்டாள். "கழத்தி, பல்லு மாதிரி மஞ்சளா இருக்கும்லா, அதப் பாரு. அழுக்கு இருக்கா?" என்றார் அவர். கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் பற்கள் நெடுகக் கறுப்பாக, கெட்டியாக, ஒரு விரல் இழுத்த தடம். எஞ்சின் வாடை அடித்தது.

"பவரு போடாத!" என்று போனுக்குள் கத்தினார் சுயம்புராஜ். "கிரீஸா? யாரு மக்கா கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் போட்டது?"

யாரென்று கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பின்வாசலில் போய் நின்றாள். மரியஜான் ஒரு எஞ்சினைத் தலைகீழாக வைத்துக்கொண்டு இருந்தார்.

"மாமா, அந்தக் கார்டுல கை வச்சியளா?"

"நாந்தான் மக்கா," என்றார் அவர், நல்ல காரியம் செய்த முகத்தோடு. "பல்லு வெளிய தள்ளிக்கிட்டு இருந்துது. காத்து தின்னுராதா? நல்ல கிரீஸ் கேட்டியா, எஞ்சினுக்கு உள்ளது. பெட்டிக்குள்ள அது போய் இருக்குற பொளவு உண்டுல்லா, அதுலயும் நெறைய வச்சு விட்டேன்."

பெபிஷாவுக்கு அலற வேண்டும் போல் இருந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "அதுல கரண்டு போகணும் மாமா. இப்பம் போகாது. ஓடல்ல" என்றாள்.

மரியஜானின் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் வடிந்துபோயிற்று. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்பம் மூணு மணிக்கு அவன் வந்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"வெள்ளிக்கிழம மூணு மணி ஆனா நான் எஞ்சினத் தட்டுகது இல்ல. நீ கண்டியா இல்லியா?" என்றார் மரியஜான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கடக்காரன் என்ன சொல்லுகான்? எப்படித் தொடைக்கணுமாம்?"

கார்டின் பற்களை அழிரப்பரால் தேய்க்க வேண்டும். ஸ்லாட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஆனால் அந்தப் பிளவு ஒற்றைக் காசு நுழைகிற அகலம்தான் இருந்தது. துணி நுழையாது, பிரஷ் நுழையாது. மரியஜான் போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குனிந்து, நீளமாக ஒரு இறகு பொறுக்கிக்கொண்டு வந்தார். கார்புரேட்டரின் ஊசித்துளையை அப்படித்தான் அவர் துடைப்பது. பெபிஷா மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்க ஓடினாள். வந்தபோது அவர் இறகைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டு முழங்கை வரை கைகழுவிக்கொண்டிருந்தார். கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு அவள் போனில் ஷிபுவின் செய்தி வந்தது. "கேறிட்டேன். எங்கட்டி இருக்க?"

நடந்ததை எழுதினாள். எழுதின எல்லாவற்றையும் அழித்தாள். "கொறச்சு நேரம் ஆகும். போயிராதீங்க" என்று மட்டும் அனுப்பினாள்.

"வழியில ஓரமா நிப்பாட்டியிருக்கேன். வா," என்று பதில் வந்தது.

மரியஜான் இறகை நனைத்து, பிளவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கறுப்பு வந்தது. துடைத்தார். மறுபடி நனைத்தார். பெபிஷா தரையில் சம்மணம் போட்டு, கார்டின் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நாலு மணி ஆயிற்று. வேளாங்கண்ணி கட்டன்காப்பி கொண்டுவந்து வைத்தாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். இறகில் இப்போது சாம்பல் நிறம். பிறகு மங்கல். பிறகு வெள்ளை வெள்ளையாகவே வந்தது.

"இனி நல்லா காயணும்," என்றார் சுயம்புராஜ் போனில். "முக்கால் மணி நேரம். அவசரப்பட்டு இப்பம் போட்டா எல்லாம் கருகிரும், பாத்துக்க."

அந்த முக்கால் மணி நேரம் போலப் பதினாறு மாதத்தில் எதுவும் அவளுக்கு நீளமாக இருந்ததில்லை. ஷிபுவுக்குச் செய்தி போட்டாள். இந்தத் தடவை பதில் வரவில்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் இல்லை. வெறுத்துப்போய்ப் போயிருப்பான் என்று நினைத்தாள். எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

ஐந்தரை தாண்டிக் கார்டை எடுத்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து நேராக அழுத்தினாள். டக். இந்தத் தடவை சந்தேகமில்லாத சத்தம். சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. ஒரு நொடி கறுப்பு, இரண்டு நொடி கறுப்பு. பிறகு திரை வெளுத்தது.

மரியஜான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம், தான் அங்கே நிற்பது சரியில்லை என்பதுபோல் வெளியே போனார்.

பெபிஷா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு லாரியை எடுத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. பழைய சாலைதான், ஆனால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வயல். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, வளைவு முடிகிற இடத்தில், ஓரமாக ஒரு சிவப்பு லாரி. மஞ்சள் விளக்கு இரண்டும் விட்டு விட்டு எரிந்தன.

போகவில்லை. அவன் போகவில்லை.

"ஏங்க," என்றாள். மறுபடி கூப்பிட வாயெடுத்தபோது காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

ஷிபு உறங்கிக்கொண்டிருந்தான். மைக்கை அணைக்காமல், ஹெட்செட்டைக் கழற்றாமல், அப்படியே தலையணையில் சாய்ந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி பூராவும் வேலை இருந்திருக்கும். மூச்சு நீளமாக உள்ளே போயிற்று, கொஞ்சம் தங்கியது, மெல்லிய ஒரு சீட்டிச் சத்தத்தோடு வெளியே வந்தது. பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு மட்டுமே கேட்கக்கூடிய மூச்சு. நாற்பத்திரண்டு ராத்திரி அதைக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்தப் போனும் அவளுக்கு அதைத் தரவில்லை. போனில் வருகிறவன் எப்போதும் விழித்திருப்பவன்தானே.

லாரியைப் பையக் கொண்டுபோய் அவனுக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

கதவருகில் மரியஜான் தலையை நீட்டினார். "வந்தானா மக்கா?"

"இருக்காரு மாமா." ஒரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டாள். "உறங்குகாரு."

மரியஜான் அவள் காதில் இருந்ததையே பார்த்தார். அவருக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கழற்றிக் கொடுக்கலாமா என்று அவள் கைகூட ஒரு கணம் மேலே போயிற்று. அதற்குள் அவர், "எழுப்பாண்டாம்" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே அவர் வேளாங்கண்ணியை அதட்டுவது கேட்டது. "பாத்திரத்தப் போட்டு உருட்டாதட்டி. பய உறங்குகான்."

சொல்ல வேண்டுமென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. சுயம்புராஜ், கண்டக்டர், கிரீஸ், கோழி இறகு. இன்னும் சொல்லத் தெரியாததும் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்துவிடுவான்.

குவைத்தில் மணி மூன்றேகால். நாலுக்கு அவன் எழுந்து வேலைக்கு ஓட வேண்டும். பெபிஷா சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினாள். கீபோர்டை நகர்த்திவிட்டுக் கன்னத்தை மேசையில் வைத்து, அந்த முக்கால் மணி நேரமும் அவன் பக்கத்தில் படுத்திருந்தாள்.